ஸ்க்ரோலில் படித்த கொரியன் வெப்டூன், புத்தகத்தில் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

நிழல்வேட்டை (இழை தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். திரையை மேலிருந்து கீழாகத் தள்ளிப் படிக்கும் இணையச் சித்திரக்கதைதான் வெப்டூன், அப்படி வந்த சோலோ லெவலிங்கைப் போனில் முழுதும் படித்தவன் நான். அமெரிக்கப் பதிப்பகமான யென் பிரஸ் 2021 முதல் கொண்டுவந்த ஆங்கிலப் புத்தகங்களில் முதல் இரண்டு பாகங்களை இப்போதுதான் வாங்கினேன். முழு வண்ணம், கையில் நல்ல கனம். படித்ததிலிருந்து ஒரு கேள்வி மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

கதையின் தொடக்கத்தில் வேட்டைக்காரர்கள் குகைக்குள் இன்னொரு வாசலைப் பார்த்து உள்ளே போவார்களே, சுற்றிலும் கற்சிலைகள், நடுவில் அரியணையில் ஒரு பிரம்மாண்டமான சிலை. போனில் அந்த இடத்தில் கட்டைவிரலை நகர்த்தவே பயமாக இருந்தது. அடுத்து வருவது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். புத்தகத்தில் பக்கத்தைத் திறந்ததுமே கண் நேராகப் பெரிய படத்துக்கு ஓடிவிடுகிறது. அதற்கு முன்னால் இருக்கும் சின்னக் கட்டங்களை அப்புறம் திரும்பி வந்து படிக்கிறேன். அந்தப் பயம் போய்விட்டது.

ஆனால் சண்டைக் காட்சிகளில் நேர்மாறு. போனில் ஒரு நேரத்தில் ஒரு கட்டம்தான் தெரியும் என்பதால் யார் எங்கே நிற்கிறார், அடி எந்தப் பக்கமிருந்து வந்தது என்றெல்லாம் குழம்பும். புத்தகத்தில் நாலைந்து கட்டங்கள் சேர்ந்து தெரிவதால் சண்டை நடக்கும் இடமே புரிகிறது.

இந்த மாற்றத்தைச் செய்பவர்கள் யார்? கட்டங்களை வெட்டிப் பக்கத்தில் அடுக்குவதுதான் வேலையா, இல்லை அதற்கு மேல் ஏதாவது உண்டா?

மைத்துளி:

நல்ல கேள்வி. நான் சித்திரக்கதைகளுக்குப் பக்க வடிவமைப்பு செய்பவள். செங்குத்துத் தொடர்களைப் பக்கமாக்கும் வேலையும் கைவசம் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வெட்டி அடுக்குவது இதில் சின்னப் பகுதி. வெப்டூனில் நேரம் என்பது தூரம். இரண்டு கட்டங்களுக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம் விட்டிருக்கிறார்களோ, வாசகர் அவ்வளவு நேரம் காத்திருக்கிறார். அந்த வெற்றிடத்தை வரைபவர் அளந்துதான் விடுகிறார். புத்தகத்தில் அந்தத் தூரத்துக்கு இடமில்லை. அங்கே காத்திருப்பு என்றால் பக்கம் திருப்புவது ஒன்றுதான். ஆக வெற்றிடம் அத்தனையையும் தூக்கிவிட்டு, எந்தக் காத்திருப்பைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். வேலையே அதுதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இரவு, வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள், கதவு தட்டப்படுகிறது. முதல் கட்டத்தில் கதவு. நீளமான வெற்றிடம். இரண்டாவதில் கைப்பிடி திரும்புகிறது. இன்னும் நீளமான வெற்றிடம், அது வெள்ளையிலிருந்து சாம்பலாகி, கீழே போகப்போகக் கறுப்பாகிறது. மூன்றாவதில் ஒரு முகம். இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்தால் முகத்தைத்தான் வாசகர் முதலில் பார்ப்பார். நீங்கள் சிலைக் காட்சியில் பட்ட அதே அவஸ்தை. எதிர்ப்பக்கத்தில் வைத்தாலும் ஓரக்கண்ணில் விழுந்துவிடும். கைப்பிடி வலதுபக்கத்தின் கடைசிக் கட்டமாக முடிய வேண்டும், முகம் தாளைத் திருப்பினால் வரும் இடதுபக்கத்தில் இருக்க வேண்டும்.

சொல்ல எளிது. கைப்பிடி சரியாக அந்த மூலைக்கு வர வேண்டுமானால் அதற்கு முந்தைய பத்துப் பக்கங்களையும் நீட்டியோ சுருக்கியோ ஆக வேண்டும். ஓர் அத்தியாயத்தில் சாதாரணமாக அறுபது, எழுபது கட்டங்கள் இருக்கும். பக்கத்துக்கு நாலைந்து என்று வைத்தால் பதினைந்து பக்கம். அதில் தாள் திருப்பும் இடம் ஏழெட்டுதான். ஆனால் ஸ்க்ரோலில் திடுக்கிட வைக்கும் இடம் பன்னிரண்டு இருக்கும். எல்லாவற்றுக்கும் கொடுக்க முடியாது. எது கதைக்கு உயிர், எது வெறும் அலங்காரம் என்று தெரிந்தவர் செய்தால் புத்தகம் நன்றாக வரும்.

அடுத்து நெடுங்கட்டங்கள். ஒருவன் மாடியிலிருந்து விழுகிறான் என்றால் போனில் நான்கு திரை உயரத்துக்கு ஒரே படமாக வரைந்திருப்பார்கள். அதை அப்படியே பக்க உயரத்துக்குச் சுருக்கினால் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வரும், ஆள் எறும்பு அளவு ஆகிவிடுவான். பக்கத்தின் இடது ஓரத்தில் அந்தப் பட்டையை நிறுத்தி, வலதுபுறம் அவன் கண், காற்றில் பறக்கும் சட்டை, கீழே தெரு என்று சின்னக் கட்டங்கள் வைப்பது ஒரு வழி. மூன்றாக வெட்டி மூன்று பக்கங்களின் தலைப்பில் வைப்பது இன்னொரு வழி. எனக்குப் பிடித்தது முதல் வழி. விழுதலும் அவன் நினைப்பும் ஒரே நேரத்தில் நடப்பதைக் காகிதத்தில்தான் அப்படிக் காட்ட முடியும். ஸ்க்ரோலில் அவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும்.

வசனங்களும் உண்டு. வெப்டூனில் வசனப் பலூன்கள் பெரும்பாலும் கட்டத்துக்கு வெளியே வெற்றிடத்தில் தொங்கும். வெற்றிடம் போனதும் அவற்றைப் படத்துக்கு உள்ளே கொண்டுவர வேண்டும். உள்ளே இடம் விட்டு வரைந்திருக்க மாட்டார்கள். அப்போது யார் தலையையோ கையையோ மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னணியை நீட்டி வரைய வேண்டும்.

பழைய வாசகன்:

மைத்துளி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் இதையெல்லாம் செய்யத்தான் வேண்டுமா என்பது என் கேள்வி. சில கதைகளைப் புத்தகமாக்கவே கூடாது என்று நினைக்கிறேன்.

2011இல் நேவர் என்ற கொரிய இணையதளத்தில் ஹோராங் வரைந்த போங்சொன்-டோங் பேய்க் கதை பலருக்கு நினைவிருக்கும். இரவில் தெருவில் நடந்துபோகும் ஒரு பெண், முன்னால் கோணல்மாணலாக நடக்கும் இன்னொருத்தி. ஓரிடத்தில் நாம் ஸ்க்ரோலை லேசாகத் தொட்டதும் பக்கம் தானாக ஓடும், அந்த உருவம் நம்மைப் பார்த்துத் திரும்பும். உலகம் முழுக்க அதைப் படித்தவர்கள் அலறியதற்குக் காரணம் அந்த ஒரு நொடி. படம், எழுத்து, திரையின் ஓட்டம் மூன்றும் சேர்ந்துதான் அந்தக் கதை. அதைத் தாளில் போட்டால் என்ன மிஞ்சும்?

செங்குத்து வடிவம் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1997இல் கொரியாவில் பொருளாதாரம் சரிந்தது. அதே ஆண்டு வந்த இளையோர் பாதுகாப்புச் சட்டம் சித்திரக்கதைகளை நெருக்கியது. வாடகைக்குப் புத்தகம் விடும் கடைகள் பெருகி விற்பனை விழுந்தது, இதழ்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வரைபவர்களுக்கு அச்சில் இடம் இல்லாமல் போனபோதுதான் அவர்கள் இணையத்துக்கு வந்தார்கள். முதலில் அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்துதான் போட்டார்கள். 2003இல் டாவும் தளத்தில் காங் ஃபுல் தன் காதல் தொடரைத் தொடங்கியபோது பக்கம் என்பதையே கைவிட்டு மேலிருந்து கீழாக நீட்டினார். உணர்ச்சி ஏறும் இடத்தில் இடைவெளி விட்டார். அதுதான் பிடித்துக்கொண்டது. பக்கத்தைக் கைவிட்டதால் பிறந்த கலையை மறுபடி பக்கத்துக்குள் அடைப்பது எனக்கு உறுத்துகிறது.

சுவோன்வாசி:

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் இங்கே கொரியாவில் புத்தகக் கடைக்குப் போனால் வேறு ஒன்று தெரிகிறது. வேலைக்காக சுவோனில் இருக்கிறேன். சோல் போகும்போது குவாங்ஹ்வாமுன் கியோபோ புத்தகக் கடையில் சித்திரக்கதைப் பகுதியில் நிற்பது வழக்கம். வெப்டூன் புத்தகங்கள் பிளாஸ்டிக் உறை போட்டு அடுக்கியிருக்கும். உள்ளே புரட்டிப் பார்க்க முடியாது. முதல் பதிப்புக்கு மட்டும் என்று படஅட்டை, அஞ்சலட்டை, மேசையில் நிறுத்தும் அக்ரிலிக் பொம்மை எல்லாம் வைத்துக் கட்டியிருப்பார்கள்.

உறையைப் பிரிக்காமல் ஏன் வாங்குகிறார்கள் என்றால், எல்லோரும் ஏற்கெனவே படித்துவிட்டார்கள். 2014இல் ககாவோபேஜ் என்ற தளம் ‘காத்திருந்தால் இலவசம்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. காசு கொடுத்தால் அடுத்த அத்தியாயம் உடனே, பொறுத்திருந்தால் சும்மாவே. கதையைத் தெரிந்துகொள்ளப் புத்தகம் வாங்க வேண்டிய அவசியம் இங்கே யாருக்கும் இல்லை. பிடித்த கதை வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக வாங்குகிறார்கள். வாசகர்களே முன்பணம் கட்டி அச்சிட வைப்பதும் நடக்கிறது, டம்பில்பக் என்ற தளத்தில் அப்படிப் பல திட்டங்களைப் பார்க்கலாம்.

ஆனால் அமெரிக்காவிலோ பிரான்சிலோ புத்தகத்தைக் கையில் எடுப்பவர்களில் நிறையப் பேருக்கு அதுதான் முதல் சந்திப்பு. யென் பிரஸ் 2022இல் கொரியக் கதைகளுக்கென்றே ஐஸ் பிரஸ் என்று தனிப் பதிப்புப் பெயர் ஒன்றைத் தொடங்கியது. அதே ஆண்டில் நேவரின் வெப்டூன் நிறுவனமும் அன்ஸ்க்ரோல்ட் என்ற பெயரில் புத்தகம் போட வந்தது. பிரான்சில் டெல்கூர் பதிப்பகம் கேபுக்ஸ் என்று ஒன்று வைத்திருக்கிறது. சேகரிப்பவருக்குப் படம் மாறாமல் இருந்தால் போதும், கதையின் ஓட்டம் அவர் மனதிலேயே இருக்கிறது. புதிதாகப் படிப்பவருக்கு அந்த ஓட்டம் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். ஒரே பக்க அமைப்பு இரண்டு பேரையும் திருப்திப்படுத்தாது. கொரியப் பதிப்புக்குச் செய்த பக்கங்களை வசனம் மட்டும் மாற்றி வெளிநாட்டில் போடும்போதுதான் நிழல்வேட்டை சொன்ன மாதிரிக் குறைகள் வரும் என்பது என் கணிப்பு.

இன்னொன்று. புத்தகமாகி ஓஹோவென்று ஓடிய வெப்டூனும் உண்டே. யூன் டே-ஹோவின் மிசேங். 2012இல் டாவுமில் தொடங்கியது, முதல் பருவம் ஒன்பது பாகமாகப் புத்தகம் ஆனது. 2014இல் டிவி தொடர் வந்த பிறகு விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டிப் போனது. அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் அந்த வரிசை முழுவதையும் மேசையில் வைத்திருக்கிறார். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் பாகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்.

மைத்துளி:

மிசேங் நல்ல உதாரணம். அது புத்தகத்தில் பொருந்தியதற்குக் காரணம் இருக்கிறது. யூன் டே-ஹோ 1993இல் அச்சு இதழ்களில் அறிமுகமானவர், அச்சுக்கு வரைந்து பழகிய கை. கதையோ அலுவலகம், மேசை, கூட்ட அறை, முகங்கள். கட்டங்கள் பெரும்பாலும் செவ்வகம், நெடுங்கட்டம் குறைவு.

கதையின் எலும்புக்கூடும் உதவுகிறது. 1989 இங் கோப்பை இறுதிச் சுற்றில் சோ ஹுன்-ஹியுனும் நியே வெய்பிங்கும் ஆடிய ஐந்தாவது கோ ஆட்டம் (பலகையில் கறுப்பு, வெள்ளைக் கல் வைத்து ஆடுவது) 145 நகர்வுகளில் முடிந்தது. முதல் பருவத்தில் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் அந்த ஆட்டத்தின் ஒரு நகர்வு. பலகையில் கல் எங்கே விழுந்தது, ஏன் விழுந்தது என்ற குறிப்போடு அத்தியாயம் தொடங்கும். போனில் அதை வேகமாகத் தள்ளிவிட்டுக் கதைக்குப் போய்விடுவோம். புத்தகத்தில் அது நின்று பார்க்கும் பக்கம். பத்து அத்தியாயம் பின்னால் போய் ஆட்டம் எப்படி வளர்ந்தது என்று புரட்டிப் பார்க்கலாம். கதாநாயகன் ஜாங் கூ-ரே தொழில்முறை கோ ஆட்டக்காரனாக முயன்று தோற்று அலுவலகத்துக்கு வந்தவன். அவன் யோசிக்கும் விதமே பலகையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான். அந்தப் புரட்டலை ஸ்க்ரோல் கொடுக்காது.

பழைய வாசகன் சொன்ன பேய்க் கதையை அச்சிடக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதை வைத்து எல்லாவற்றையும் தள்ள முடியாது.

நாலுகலர்:

இழையைத் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் ப்ரீபிரஸ், அதாவது ஃபைலை அச்சுக்குத் தயார் செய்யும் வேலை பார்க்கிறேன். பக்க அமைப்பெல்லாம் மைத்துளி மேடம் மாதிரி ஆட்கள் பார்ப்பது. ஃபைல் எங்கள் மேசைக்கு வந்த பிறகு என்ன நடக்கும் என்பதை நான் சொல்கிறேன்.

முதல் தலைவலி அளவு. நேவரில் ஓடும் படம் 690 பிக்சல் அகலம். திரைக்கு அது போதும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 690ஐ 300ஆல் வகுத்துப் பாருங்கள், 2.3 அங்குலம், ஆறு சென்டிமீட்டர்கூட இல்லை. ஏ5 அளவுப் பக்கத்தில் ஓரம் வரை படம் போக வேண்டுமானால், வெட்டுக்கு இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர் சேர்த்து ஏறக்குறைய 1,800 பிக்சல் அகலம் தேவை. பெரிய ஸ்டுடியோக்கள் முதலிலேயே பெரிதாக வரைந்து, இணையத்துக்குச் சுருக்கிப் போடுகிறார்கள். அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. வளரும் காலத்தில் இணைய அளவிலேயே வரைந்தவர்களின் பழைய தொடர்களைப் புத்தகமாக்கும்போதுதான் கோடுகள் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும். பெரிதாக்கும் மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. முகத்தைப் பெரிதாக்கினால் பரவாயில்லாமல் வரும். பின்னணியில் இருக்கும் கம்பி வேலி, மரத்து இலை எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும்.

இரண்டாவது கலர். திரை என்பது வெளிச்சம், சிவப்பு, பச்சை, நீலம் சேர்ந்த ஆர்ஜிபி. நாங்கள் அடிப்பது மை, சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலும் சேர்ந்த சிஎம்ஒய்கே. சோலோ லெவலிங்கில் அறிவிப்புப் பலகை மாதிரி நீல நிறத்தில் ஒளிரும் சட்டங்கள் வரும், கண்ணிலிருந்து ஊதா ஒளி கிளம்பும். அந்த மின்னல் நீலம் நாலு மையில் கிடைக்கவே கிடைக்காது. மாற்றினால் ஒன்று மங்கும், இல்லாவிட்டால் கத்தரிப்பூ நிறத்துக்குச் சாயும். ஐந்தாவதாகத் தனி மை ஏற்றலாம். இன்னொரு பிளேட், இன்னொரு யூனிட், செலவு ஏறும். அதனால் சுற்றியிருக்கும் நிறங்களை இன்னும் இருட்டாக்கி, நீலத்தைப் பளிச்சென்று தெரிய வைப்போம். கண் ஒப்பிட்டுத்தானே பார்க்கிறது.

மூன்றாவது கறுப்பு. வெப்டூனில் பக்கம் பக்கமாக முழுக் கறுப்பு வரும். கறுப்பு மை மட்டும் நூறு சதவீதம் அடித்தால் பெரிய பரப்பில் வெளிறித் தெரியும். மற்ற மூன்று மையையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்தால்தான் கறுப்பு கறுப்பாக இருக்கும். நாலும் சேர்ந்து முந்நூறு சதவீதத்தைத் தாண்டினால் மை காயாது, மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டிவிடும். அந்தக் கறுப்புக்கு நடுவில் சின்ன வெள்ளை எழுத்து வைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ரெஜிஸ்டர், அதாவது மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, முடியளவு விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ தெரியும். எழுத்தைச் சுற்றி மட்டும் மற்ற மைகளை எழுத்தின் ஓரத்திலிருந்து லேசாகத் தள்ளி வைக்க வேண்டும். பொறுமையாகச் செய்தால் அழகாக வரும். திரையில் பார்த்த கறுப்பைவிட ஆர்ட் பேப்பரில் அடித்த கறுப்பு ஆழமாக இருக்கும் என்பேன் நான்.

தேன்மொழி:

நாலுகலர் அண்ணா, ஒரு சந்தேகம். ஒல்லியாக நீளமாக ஒரு புத்தகம் போட்டால் என்ன? அல்லது விசிறி மடிப்பு மாதிரி ஒரே நீளத் தாளாக மடித்து? செங்குத்து அப்படியே இருக்குமே.

நாலுகலர்:

போடலாம் தங்கச்சி. ஒல்லிப் புத்தகத்துக்கு முழுத் தாளில் வெட்டு வீண் அதிகம், அலமாரியிலும் நிற்காது. விசிறி மடிப்பு துண்டு துண்டாக அடித்துக் கையால் ஒட்ட வேண்டும். ஒரு சின்னக் கதைக்கு, பரிசுப் பொருள் மாதிரி செய்யலாம். இருநூறு அத்தியாயம் ஓடிய தொடருக்கு நடக்காது.

பழைய வாசகன்:

மிசேங்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எளிதான கேஸ். ஜேஹெச் வரைந்த தி பாக்ஸரை எடுத்துக்கொள்ளுங்கள். நேவரில் 2019இல் தொடங்கி 2022 வரை வந்தது. ஐஸ் பிரஸ் அதைப் புத்தகமாக்கியிருக்கிறது. அந்தக் கதையில் குத்து விழும் நேரத்தில் உலகமே காணாமல் போகும். வெறும் வெள்ளை, இல்லாவிட்டால் வெறும் கறுப்பு. அதில் ஒரு முஷ்டி. அப்புறம் ஒன்றுமில்லை. வாசகர் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அந்த ஒன்றுமில்லாததுதான் குத்தின் வலி. இதை எந்தத் தாள் திருப்பலில் கொண்டுவருவீர்கள்?

மைத்துளி:

வெற்றுத் தாளில் கொண்டுவரலாம். இடதுபக்கம் முழுக்க வெள்ளை, வலதுபக்கம் நடுவில் முஷ்டி மட்டும். திருப்பினால் இரண்டு பக்கமும் கறுப்பு. மறுபடி திருப்பினால் தரையில் கிடப்பவன். தாளைத் திருப்பும் கைக்கு ஒரு கனம் உண்டு. திரையில் விரல் வழுக்கிக்கொண்டு போகும். தாளில் ஒவ்வொரு முறையும் எடுத்துத் திருப்ப வேண்டும். அந்த அசைவை வலிக்குப் பயன்படுத்தலாம்.

இதற்குத் தடை காசுதான். அச்சகத்தில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்குப் போடுவார்கள். நான் நாலு வெற்றுப் பக்கம் கேட்டால் அதே கனத்தில் கதை ஒரு நிகழ்ச்சி குறையும். பதிப்பாளர் “காசு கொடுத்து வெறும் தாளை வாங்கினேன் என்று வாசகர் திட்டுவார்” என்பார். பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். நாலு பக்க மௌனம் அரைப் பக்கமாகிவிடும். புத்தகத்தில் பலவீனமாகத் தெரியும் இடங்களில் பாதிக்கு மேல் இப்படி இடம் மறுக்கப்பட்ட இடங்கள் என்பது என் அனுபவம். காகிதத்தால் முடியாது என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நாலு பக்கத்துக்காகச் சண்டை போடும் ஆசிரியர் கிடைத்தால் கதை பிழைக்கும்.

சுவோன்வாசி:

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். திரையில் இருப்பது நிரந்தரம் என்று நாம் நினைக்கிறோம். உரிம ஒப்பந்தம் முடிந்தால் தொடர் தளத்திலிருந்து இறங்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய அத்தியாயம் என்றாலும் அந்த ஆப் மூடப்பட்டால் அதோடு போயிற்று. சோலோ லெவலிங்கை வரைந்த ஜாங் சுங்-ராக் 2022 ஜூலையில் காலமானார். அவர் கோட்டைப் போனின் அகலத்தில் மட்டுமே பார்த்தவர்களுக்கும், தாளில் நிதானமாகப் பார்ப்பவர்களுக்கும் வித்தியாசம் இருக்கிறது. எனக்கு அந்தப் புத்தகங்கள் வேண்டும் என்பதற்கு முதல் காரணம் அதுதான்.

புச்சோன் நகரில் மன்ஹ்வா (கொரியச் சித்திரக்கதை) அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய வாடகைக் கடைக் காலத்துப் புத்தகங்கள் அங்கே கிழிசலோடு இன்னும் இருக்கின்றன. இணையத்தில் மட்டும் வந்து, வந்த தளமும் மூடிப்போன தொடர்களை எங்கே போய்ப் பார்ப்பது?

போக்கு எதிர்த்திசையிலும் நடக்கிறது. ஜப்பானில் 2024இல் ஷூயிஷா பதிப்பகம் ஜம்ப் டூன் என்று செங்குத்துத் தளம் தொடங்கியது. பக்கமாக வரைந்த பழைய கதைகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கலர் போட்டு நீட்டும் வேலையும் நடக்கிறது. ஸ்க்ரோலில் இடமா வலமா என்ற தகராறே கிடையாது. ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடம் ஓடும். கொரிய வெப்டூனை அங்கே புத்தகமாக்குபவர் எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும். இடதுபக்கம் பார்த்துக் குத்துபவன் கதை ஓடும் திசையில் குத்துகிறானா, எதிர்த்துக் குத்துகிறானா என்பதே மாறிவிடும்.

நிழல்வேட்டை:

இவ்வளவு விரிவாக எல்லோரும் எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. இரண்டு பாகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு மைத்துளி சொன்னபடி வலதுபக்கக் கடைசிக் கட்டங்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். எந்தக் காட்சிக்குத் திருப்பல் கொடுத்திருக்கிறார்கள், எதற்குக் கொடுக்கவில்லை என்று இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

இதைக் கேட்டதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. நானும் நண்பன் ஒருவனும் செங்குத்துக் கதை ஒன்று வரைய ஆரம்பித்திருக்கிறோம். 800 பிக்சல் அகலத்தில் வரைகிறோம். பின்னால் புத்தகமாக வேண்டும் என்றால் இப்போதே என்ன செய்ய வேண்டும்?

நாலுகலர்:

800ஐ இன்றைக்கே நிறுத்துங்கள் தம்பி. அச்சில் அது ஏழு சென்டிமீட்டர்கூட வராது. குறைந்தது 2,000 அகலம் வைத்து வரையுங்கள். கம்ப்யூட்டர் இழுத்தால் அத்தியாயத்தைத் துண்டு துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். இணையத்துக்குச் சுருக்கித் தனிப் பிரதி எடுங்கள். அதோடு ஒளிரும் நிறங்களை ஒருமுறையாவது சிஎம்ஒய்கேயில் போட்டுப் பார்த்து, நல்ல தாளில் ஒரு பக்கம் அடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மைத்துளி:

ஃபைலில் பலூன், எழுத்து, சத்தம், ஆள், பின்னணி எல்லாம் தனித்தனி லேயரில் இருக்கட்டும். எழுத்தைப் படத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டால் பின்னால் பலூனை நகர்த்த முடியாது. ‘டமார்’ என்ற எழுத்துக்குக் கீழே ஆளின் கை முழுதாக வரையப்பட்டிருக்க வேண்டும். பின்னணியைக் கட்டத்தின் ஓரத்தோடு நிறுத்தாமல் நாலு பக்கமும் கொஞ்சம் கூடுதலாக வரையுங்கள். ஓரமில்லாமல் வெள்ளையில் கரையும் படங்களில் ஆளின் காலை வரையாமல் விட்டிருந்தால், முடிந்தவரை இப்போதே வரைந்து மறைத்து வையுங்கள். வெட்டும்போது அது வேண்டியிருக்கும்.

பழைய வாசகன்:

ஃபைல் விஷயத்தில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் கதையை யோசிக்கும்போது புத்தகத்தை மறந்துவிடுங்கள். பின்னால் பக்கத்தில் அடங்க வேண்டுமே என்று நினைத்து வரைந்தால் எல்லாக் கட்டமும் ஒரே அளவுச் செவ்வகமாகிவிடும். அப்படி வரும் வெப்டூன்கள் இப்போதே பெருகிவிட்டன. வரிசையாகச் செங்கல் மாதிரி வருகிறது, ஓரிடத்திலும் விரல் நிற்பதில்லை. உங்கள் கதையில் யாராவது விழுகிறார் என்றால் பத்துத் திரை உயரத்துக்கு விழட்டும். அதை எப்படிப் பக்கமாக்குவது என்று மைத்துளி அப்புறம் தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும்.

மைத்துளி:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன் ஐயா. எனக்கு வரும் ஃபைல்களிலேயே கஷ்டமானது அந்தச் செங்கல் வகைதான். எங்கே நிறுத்த வேண்டும் என்று வரைந்தவரே சொல்லாதபோது நான் எதை வைத்துத் திருப்பல் கொடுப்பது? நெடுங்கட்டம் வந்தால் வேலை அதிகம், ஆனால் வழி தெளிவாகத் தெரியும். நிழல்வேட்டை, வரையும்போதே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: இந்த அத்தியாயத்தில் வாசகர் கட்டாயம் நிற்க வேண்டிய இடங்கள் எவை என்று. மூன்றுக்கு மேல் வேண்டாம். பக்கம் போடுபவருக்கு அந்த நோட்டைக் கொடுத்தால் போதும்.

நிழல்வேட்டை:

முதல் அத்தியாயத்தில் பாட்டி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் காட்சி இருக்கிறது. உறைகிணறு, ஏழு திரை உயரம், அடியில் தண்ணீர், தண்ணீரில் தெரிவது பாட்டி முகம் இல்லை. அதை முதலில் 2,000 அகலத்தில் மறுபடி வரைகிறோம். இரண்டு விதமாகப் பக்கமும் போட்டுப் பார்க்கிறோம்: ஒன்று ஓரப் பட்டையாக, இன்னொன்று தண்ணீர் மட்டும் தாள் திருப்பிய பிறகு வரும்படி. இந்த மாதக் கடைசிக்குள் இரண்டையும் இங்கேயே ஏற்றுகிறேன். நாலுகலர் அண்ணா, கிணற்றின் அடிக் கறுப்புக்கு நாலு மையும் என்ன விகிதத்தில் வைக்கலாம் என்று சொன்னால் அதையும் சேர்த்துப் போட்டுவிடுவோம்.

நாலுகலர்:

சி 60, எம் 40, ஒய் 40, கே 100. மொத்தம் 240, பயமில்லாமல் காயும். தண்ணீரின் மேல் விழும் வெளிச்சத்துக்கு மட்டும் மஞ்சளைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள்.